அப்பா, அம்மாவுக்கு எந்தக் காப்பீடு, மாத்திரைச் செலவுக்கு என்ன வழி?

காவேரிப்பட்டணத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவரும் காவேரிப்பட்டணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மனைவி, குழந்தையுடன் அங்கேயே வாடகைக்குக் குடியிருக்கிறேன். அப்பா மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வைப்புநிதி ஓய்வூதியமாக மாதம் 2,600 ரூபாய் வருகிறது. ஒரு ஏக்கர் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டதில் ஆண்டுக்கு 40,000 ரூபாய். அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரில் இதய ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தோம், அந்தச் செலவு முழுவதும் கைப்பணம். அம்மாவுக்குத் தைராய்டு தவிர வேறொன்றும் இல்லை.

என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, என் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பது: 3 லட்ச ரூபாய்க்குக் காப்பு, சம்பளத்தில் மாதம் 1,900 ரூபாய் பிடிப்பார்கள். மற்றொன்று, தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் சொல்லும் மூத்த குடிமக்கள் பாலிசி: இருவருக்கும் சேர்த்து 5 லட்சம், ஆண்டுக்கு 54,000 ரூபாய், ஒவ்வொரு கிளைமிலும் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும். அரசுத் திட்டம் எங்களுக்குக் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என் சம்பளம் வரம்பைத் தாண்டிவிடும்.

இதைவிட என்னை உறுத்துவது மாத்திரைச் செலவு. போன ஞாயிறன்று அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திண்ணையில் கொட்டிப் பார்த்தேன். ஆறு அட்டைகள், மாதம் 3,860 ரூபாய். ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்தாலும் போதவில்லை. இதற்குப் பணம் தரும் பாலிசி ஏதேனும் உண்டா? ஒன்றிய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் வாங்கலாம் என்றால், ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரைகளை நம்பிக் கொடுக்கலாமா?

கிளைம் மேசை (மறுமொழி):

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கிளைம் பிரிவில் இருந்தவன். தம்பி, நீங்கள் இரண்டு கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். நம் ஊரில் விற்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனைக் கட்டிலுக்குத்தான் பணம் தரும். மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்குத் தராது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள்களிலும், வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள்களிலும் அந்த நோய்க்காக வாங்கிய மருந்துகளுக்குப் பல பாலிசிகள் பணம் தருகின்றன. சீட்டும் ரசீதும் இல்லாததால் இந்தத் தொகையைக் கேட்காமலேயே விட்டுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

20 சதவீதப் பங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறை வாடகை உச்சவரம்பையும் பாருங்கள். வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையின் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றையும் அதே எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் குறைப்பார்கள். அவை 1,60,000 ரூபாய் என்றால் ஏற்கப்படுவது 1,00,000; அதில் 20 சதவீதம் போனால் கைக்கு வருவது 80,000. மருந்து, ஸ்டென்ட் போன்ற சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது இப்படி விகிதக் கழிவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. பில்லில் அப்படிக் கழித்திருந்தால் சண்டை போடுங்கள்.

உங்கள் மாவட்டத்தாருக்கென்று இன்னொரு கண்ணி இருக்கிறது. சில பாலிசிகளில் பிரீமியத்தை ஊர் வாரியாக மண்டலம் பிரித்து வைத்திருப்பார்கள். காவேரிப்பட்டணம் முகவரியில் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டுப் பெங்களூரில் போய்ப் படுத்தால், அதற்கென்று தனியாக ஒரு பங்கைப் பிடிப்பார்கள். நெஞ்சுவலி என்றால் கிருஷ்ணகிரிக்காரர்கள் வண்டியைப் பெங்களூருக்குத்தான் திருப்புகிறார்கள் என்பதால், கையெழுத்துப் போடும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் தந்த 54,000 ரூபாயில் 18 சதவீத வரி சேர்ந்திருந்தால் அது பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரி இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை உடனே குழுக் காப்பீட்டில் சேருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டா என்று மனிதவளப் பிரிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழுக் காப்பீடுகளில் பெரும்பாலும் உண்டு. தனி பாலிசி எடுத்தால் பழைய நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காக்க வைக்கலாம். அதுவரை 1,62,000 ரூபாய் கட்டியும், அவருக்கு எது வரும் என்று அஞ்சுகிறோமோ அந்த இதயத்துக்கே காப்பு இருக்காது. அம்மாவின் கதை வேறு. இருவரையும் ஒரே பாலிசியில் போட்டால் மூத்தவரின் வயதை வைத்துப் பிரீமியம் போடுவார்கள் என்பதால், அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசி எடுங்கள். பாலிசி எடுக்க இருந்த வயது உச்சவரம்பு 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. தைராய்டை மறைக்காமல் எழுதுங்கள். பின்னாளில் கிளைமை நிராகரிக்க நிறுவனத்துக்கு மறைத்த ஒரு வரி போதும்.

வருமான வரியில் பழைய முறையில் இருக்கிறீர்கள் என்றால், மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. காப்பீடே இல்லாத மூத்தவருக்கு மருந்துச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம். ஆனால் ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

பாலக்கோடு மருந்தாளுநர் (மறுமொழி):

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மூலக்கூறின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி இங்கே போடுங்கள். உங்கள் 3,860 ரூபாயில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு சர்க்கரை மாத்திரைகள்தான் தின்னும் என்பது என் ஊகம். சிடாகிளிப்டின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை 2022இல் முடிந்தவுடன் மக்கள் மருந்தகத்தில் 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாகிளிப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்துக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. அதுவரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்ற மாத்திரையைச் சில நிறுவனங்கள் இப்போது அதில் கால்வாசிக்கும் குறைவாக விற்கின்றன. மருத்துவர் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்தால், நாமாகக் கேட்காதவரை அது மாறாது.

மக்கள் மருந்தகத்தை நம்பலாமா என்றால், நான் என் மனைவிக்கு அங்கேதான் வாங்குகிறேன். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலையைக் கேளுங்கள். ஆனால் ஆறையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு முதலில் சர்க்கரை மாத்திரையை மாற்றி, இரண்டு மூன்று வாரம் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சர்க்கரைக்கான மெட்பார்மின் சீட்டில் மெதுவாகக் கரையும் வகை என்று இருந்தால் அதே வகைதான் வேண்டும். சாதாரண வகையை எடுத்துக் கொடுத்தால் வயிறு கெடும், அப்புறம் மலிவு மருந்தின் மீது பழி விழும். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை, கடையில் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு நாள்கூட விடக் கூடாது. அம்மாவின் தைராய்டு மாத்திரையில் மிச்சமாவது சொற்பம், அதை மாற்றவே வேண்டாம். மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான அடிப்படை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் காசில்லாமல் வாங்கலாம். புதிய விலையுயர்ந்த வகைகள் அங்கே கிடைக்காது. மெட்பார்மினுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

தொப்பூர் மருமகள் (மறுமொழி):

கேள்வி கேட்டவர் ஒரு வழியைத் தானாகவே அடைத்துவிட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பெற்றோர் தனியாக வாழ்ந்து, அவர்களுக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்தால் பார்க்க வேண்டியது அவர்களுடைய வருமானத்தை. நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 71,200 ரூபாய்தானே வருகிறது? கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு இருவரையும் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பெயர் இன்னும் அவர்கள் அட்டையில் இருந்தால் முதலில் அதை நீக்கி ஓசூரில் புதிய அட்டை எடுங்கள்.

இதுவன்றி, 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. உங்கள் அப்பாவுக்கு வயது சரியாக இருக்கிறது. ஆனால் எந்த அட்டையானாலும், நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை அதை ஏற்கிறதா, அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஏற்கிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

என் மாமனார் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். முதல்வர் காப்பீட்டில் அனுமதியும் வந்துவிட்டது. அதற்குப் பின் மூன்றாம் நாள், “நல்ல தகடு போட வேண்டும்” என்று துண்டுச் சீட்டில் 28,000 என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். நான் அந்தச் சீட்டில் மருத்துவமனை முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். தர மறுத்தார்கள், பிறகு அந்தத் தொகையைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல்வர் காப்பீட்டின் கட்டணமில்லா எண் 1800 425 3993ஐச் செல்பேசியில் பதிந்து வையுங்கள்.

காவேரிப்பட்டணத்தான் (மறுமொழி):

மூவருக்கும் நன்றி. குடும்ப அட்டையில் என் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நீக்க விண்ணப்பித்துவிட்டேன். அப்பாவை நிறுவனக் காப்பீட்டில் சேர்த்தாயிற்று. பழைய நோய்க்கும் காப்பு உண்டு என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்குத் தனி பாலிசிக்கு விலை கேட்டிருக்கிறேன். மருத்துவரிடம் தாளைக் காட்டியதில் நான்கு மாத்திரைகளை மக்கள் மருந்தகத்துக்கு மாற்றச் சம்மதித்தார், ஒன்றைச் சுகாதார நிலையத்தில் வாங்கச் சொன்னார். முதல் மாதச் செலவு 1,340 ரூபாய். ஒரு சிக்கல் மட்டும் மீதி: கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமைக்கானதும் சேர்ந்த கூட்டு மாத்திரை அங்கே இல்லை. இரண்டையும் தனித்தனியாக வாங்கிக் கொடுக்கலாமா?

பாலக்கோடு மருந்தாளுநர் (மறுமொழி):

கொடுக்கலாம், ஆனால் கடைக்காரரே பிரித்துத் தருவதை வாங்காதீர்கள். மருத்துவரிடமே இரண்டு வரியாக, மில்லிகிராமோடு பிரித்து எழுதி வாங்குங்கள். பழைய கூட்டு மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்தால் டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிட்டு மூக்கில் ரத்தம் வருகிறது என்று ஓடி வந்த பெரியவர்களுக்கு நானே கட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.