பல்கேரியா: முட்டிவலி அப்பாவோடு ஹிசார்யாவா, வெலிங்கிராடா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். மே மாதம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள், மூன்று மாத ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பாரிஸ், சுவிஸ் எல்லாம் போன தடவையே பார்த்தாகிவிட்டது. அப்பா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஈஃபிள் கோபுரத்தடியில் நின்றுகொண்டு "இதுக்கு வயசு நூத்திச் சொச்சம்தானேம்மா" என்று கேட்டவர். இந்த முறை பழைய ஊராக ஏதாவது காட்டு என்கிறார்.

அவருக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கொஞ்ச நேரம் நன்றாக நடப்பார். அதனால்தான் வெந்நீர் ஊற்றும் சரித்திரமும் ஒரே இடத்தில் இருக்கிற நாடாகத் தேடிப் பல்கேரியாவைப் பிடித்தேன். ஜூன் முதல் வாரத்தில் எனக்கு எட்டு நாள் லீவு. சோஃபியா, கொப்ரிவ்ஷ்டிட்சா, பிளோவ்திவ், வெந்நீர் ஊற்றுக்கு ஹிசார்யா, வெலிங்கிராட், ரோஜா பார்க்கக் கசன்லக், கடைசியில் கடலோரம் நெசெபார் என்று திட்டம் போட்டிருக்கிறேன். கார் ஓட்ட மாட்டேன், பஸ்ஸும் ரயிலும்தான்.

அம்மாவுக்கு பிபி இருக்கிறது. சைவம், முட்டைகூடக் கிடையாது. நீச்சல் உடை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவாரா என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்களுக்கே பதில் தெரியும். போய் வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

நொய்யல் எழுதியது:

நாங்கள் செர்பியாவில் வ்ர்ன்யாச்கா பான்யா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனோம். பெயரைச் சொல்லிப் பழகவே இரண்டு நாள் ஆனது. நல்ல பூங்கா, ஊர் நடுவில் நீளமான நடைபாதை, முட்டிவலிக்காரர்களுக்குச் சமதளம். உங்கள் பெற்றோரிடம் ஷெங்கன் விசா இருந்தால் அதை வைத்தே செர்பியாவுக்குள் விடுவார்கள். பல்கேரியாவோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாமே?

மலைக்கோட்டை எழுதியது:

நொய்யல் சார், விடுவார்கள். ஆனால் செர்பியா ஷெங்கனில் இல்லை. அவர்களுடையது ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால் செர்பியாவுக்குள் போன பிறகு ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. சகோதரி, முதலில் விசாத் தாளை எடுத்து அதைப் பாருங்கள். பல்கேரியாவில் அந்தத் தொல்லை இல்லை. 2025 ஜனவரி 1 முதல் தரைவழிக்கும் சேர்த்து முழு ஷெங்கன். பணமும் 2026 ஜனவரி 1 முதல் யூரோதான். பழைய லெவ் நோட்டு தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று யாராவது தெருவில் வந்தால் கண்டுகொள்ளாமல் நடையைக் கட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நாளில் ஏழு ஊர், அதுவும் அப்பாவின் முட்டியை வைத்துக்கொண்டு! கோபிக்காதீர்கள். நான் திருச்சிக்காரன், ஆறு வருடமாகப் பிளோவ்திவில் குப்பை கொட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவை அழைத்துவந்து இதே தப்பைச் செய்தேன். மூன்றாம் நாளே "ஏன்டா, பஸ்ஸிலேயே என்னைக் கரையேத்திடுவியா" என்று கேட்டுவிட்டார். நெசெபாரை அடித்துவிடுங்கள், அது நாட்டின் மறுகோடி. கசன்லக்கில் ரோஜா பறிப்பது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகிவிடும் என்று இருட்டு பிரியும்போதே பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிளோவ்திவிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது வெறும் செடிதான் மிச்சம் இருக்கும். அங்கே திரேசியர் (ரோமானியருக்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள்) கல்லறை ஒன்று உண்டு, அப்பாவுக்குப் பிடிக்கும். ஆனால் பார்வையாளர்களுக்குக் காட்டுவது பக்கத்தில் கட்டிய நகலைத்தான். வாத்தியாரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹிசார்யாவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பிளோவ்திவுக்கு வடக்கே 40 கிலோமீட்டர்தான். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் தியோக்ளேசியனோபோலிஸ், பேரரசர் தியோக்ளேசியன் பெயரால் வந்தது. இன்றைய பெயர் துருக்கியில் கோட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கோட்டை என்றால் எங்கோ மலைமேல் இல்லை. ஊரே சுவருக்குள் இருக்கிறது. காலையில் ரொட்டி வாங்கப் போனால் 1,700 வருடத்துச் சுவரின் ஓட்டை வழியாகப் போய் வருவீர்கள். தெற்கு வாசலைக் 'கமிலிதே', அதாவது ஒட்டகங்கள் என்கிறார்கள். மேல் வளைவு இடிந்து விழுந்தபின் மிச்சமிருந்த இரண்டு பக்கமும், எதிரெதிரே நிற்கிற இரண்டு ஒட்டகம் மாதிரி தெரிந்ததால் வந்த பெயர்.

அந்தச் சுவர் பக்கத்தில் அப்பாவைக் கொஞ்சம் நிற்க விடுங்கள். சில வரிசை கல், அதன்மேல் சில வரிசை தட்டைச் செங்கல், மறுபடி கல் என்று மாறிமாறிப் போகும். இடையில் இருக்கிற சாந்து இளஞ்சிவப்பாக இருக்கும். சுண்ணாம்பில் செங்கல் பொடி கலந்தது. என் தாத்தா கொத்தனார், நம் ஊரில் அதைச் சுர்க்கி என்பார்கள். நான் விரலால் தடவிப் பார்த்தேன், கொஞ்சம்கூட உதிரவில்லை. எங்கள் அடுக்குமாடியின் பால்கனி நான் குடிவந்த மறு வருடமே உதிர ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை.

ஊரில் 22 ஊற்றுகள். பூங்காவுக்குள் 'மோமினா சல்ஸா', கன்னியின் கண்ணீர் என்று ஒரு ஊற்று இருக்கிறது. குழாயில் சும்மா வந்துகொண்டே இருக்கும், காசு கிடையாது. காலை ஏழு மணிக்குப் போனால் ஐந்து லிட்டர், பத்து லிட்டர் கேன்களோடு வரிசை நிற்கும். தெருக்குழாய் மாதிரியேதான், சண்டை மட்டும் இல்லை. முதல் நாள் நான் ஒரு சின்ன பாட்டிலோடு போய் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் கேனை ஒதுக்கி வழிவிட்டார். பிடித்த தண்ணீரை அப்படியே மடக்கென்று குடித்தேன். வெதுவெதுப்பு, நாக்கில் கொஞ்சம் வழுவழுப்பு. கஞ்சித் தெளிவை உப்பில்லாமல் குடித்த மாதிரி. பாட்டி சிரித்துக்கொண்டே சிறிது சிறிதாகக் குடி என்று சைகை காட்டினார்.

குளிக்கிற விஷயம். இங்கே மருத்துவக் குளியல் நிலையங்களில் முதலில் ஒரு மருத்துவர் பிபி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். சில ஹோட்டல்களில் அதெல்லாம் இல்லை, நேராகக் குளத்தில் இறங்கிவிடலாம். உங்கள் அம்மாவுக்கு முதல் வகைதான் நல்லது. எதுவானாலும் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவிடாதீர்கள். உள்ளே இருக்கும்போது சுகமாக இருக்கும், எழுந்திருக்கும்போதுதான் தலை சுற்றும்.

என் அம்மா பருத்திச் சுடிதாரோடு குளத்தில் இறங்கப் போனார். ஹோட்டல் பெயர் வேண்டாம். காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்து தடுத்துவிட்டாள். பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான் நீச்சல் உடைதான் வேண்டும், தலைக்குத் தொப்பி வேறு வேண்டும். அம்மா ஈரக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "காசு குடுத்தது நாம, கட்டளை போடுறது அவளா" என்று அரைமணி நேரம் முறையிட்டார். கடைசியில் வரவேற்பில் ஒருவர்தான் 'வானா' கேளுங்கள் என்று வழி சொன்னார். தனி அறை, தனித் தொட்டி, அதே ஊற்றுத் தண்ணீர், கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். அம்மா அதன்பிறகு மூன்று நாளும் போனார். அறை பதிவு செய்யும்போதே தொட்டிக் குளியல் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

தகடூரான் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வெந்நீர் ஊற்று என்றால் ஃபுளோரைடு அளவைப் பாருங்கள். எங்கள் தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல்லில் கறையும் மூட்டில் இறுக்கமும் வந்தவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஏற்கெனவே முட்டித் தேய்மானம் இருப்பவர் அதையே குடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

மலைக்கோட்டை எழுதியது:

சரியான கேள்வி. ஹிசார்யாத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்தான். இங்கே கடைகளில் விற்கிற மினரல் பாட்டில்களிலேயே சிலவற்றில் அதிகம், லேபிளில் போட்டிருப்பார்கள். மூன்று நாள் ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் தாகத்துக்கு அதையே குடிப்பதும் சமையலுக்குப் பிடிப்பதும் வேண்டாம். அதற்குச் சாதாரண ஊற்றுத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மலைக்கோட்டை அண்ணா, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என் அம்மாவும் அதே வசனத்தைத்தான் சொல்வார். நெசெபாரையும் கசன்லக்கையும் பட்டியலிலிருந்து அடித்தாயிற்று. வெலிங்கிராட் வேண்டுமா? பிளோவ்திவில் முட்டியோடு நடக்க முடியுமா? அப்புறம் சாப்பாடு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

மலைக்கோட்டை எழுதியது:

வெலிங்கிராடில் பழமை குறைவு. மூன்று கிராமங்களைச் சேர்த்து 1948இல் உண்டாக்கிய ஊர். வெலா பேவா என்ற கெரில்லாப் பெண் போராளியின் பெயரை வைத்தார்கள். பெரிய பெரிய ஸ்பா ஹோட்டல்கள், வசதிக்குக் குறையில்லை. ஆனால் அங்கே போகிற ரயில் இருக்கிறதே, அதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். சோஃபியா–பிளோவ்திவ் பாதையில் செப்டெம்வ்ரி என்று ஒரு நிலையம். ஆமாம், செப்டம்பர்தான் ஊர்ப்பெயர். 1923 செப்டம்பர் கிளர்ச்சியின் நினைவாக வைத்தது. அங்கிருந்து தோப்ரினிஷ்தே வரை 125 கிலோமீட்டர் குறுகிய பாதை, தண்டவாள இடைவெளி 760 மில்லிமீட்டர். நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், இது அதைவிடக் குறுகல். கடைசி வரை போக ஐந்து மணி நேரம் ஆகும். நீங்கள் வெலிங்கிராடில் இறங்கி, கிளெப்டுஸா குளக்கரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். கிளெப்டுஸா பச்சைத்தண்ணீர் ஊற்று, யாரும் குளிக்கப் போவதில்லை.

பிளோவ்திவின் பழைய பகுதி முழுக்கக் குன்றும் உருண்டைக் கல் பாவிய தெருவும்தான். நல்ல முட்டிக்காரர்களே தடுமாறுவார்கள். டாக்சியில் மேலே ஏறிவிட்டு மெதுவாக இறங்குங்கள். ரோமானிய அரங்கம் 1970களில்தான் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது, இப்போதும் அதில் இசை நிகழ்ச்சி நடக்கிறது. இருக்கைகளில் அந்தக்கால நகரப் பிரிவுகளின் பெயர்கள் கிரேக்கத்தில் வெட்டப்பட்டிருக்கும், யார் எங்கே உட்கார வேண்டும் என்று. அப்பாவுக்கு அது போதும், ஒரு மணி நேரம் நகர மாட்டார். கீழே கடைவீதி சமதளம். அதற்கடியில் ரோமானிய விளையாட்டரங்கம் நீளமாகப் படுத்திருக்கிறது. ஒரு துணிக்கடையின் கீழ்த்தளத்தில் சட்டைகளுக்குப் பக்கத்திலேயே அதன் கல் படிகளைப் பார்க்கலாம்.

கொப்ரிவ்ஷ்டிட்சாவைச் சோஃபியாவிலிருந்து போகும்போது பாருங்கள். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, 9 கிலோமீட்டர் தள்ளி. அங்கே காத்திருக்கிற சிற்றுந்து, வண்டி வந்ததும் கிளம்பிவிடும். நான் நிலையத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றேன், பிறகு நடந்தேன். ஊர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூனிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். துருக்கியருக்கு எதிரான 1876 ஏப்ரல் எழுச்சி வெடித்தது இங்கேதான். தோடோர் கப்லெஷ்கோவ் இங்கிருந்து பனாக்யூரிஷ்தேவுக்கு அனுப்பிய ஓலையில், கொல்லப்பட்ட துருக்கியர் ஒருவரின் ரத்தத்தால் சிலுவை போட்டு அனுப்பினார். 'ரத்தக் கடிதம்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். இந்த நினைவு வீடுகள் சில திங்கட்கிழமை மூடியிருக்கும், சில செவ்வாய்க்கிழமை. அந்த இரண்டு நாளையும் தவிர்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது தேவாலய முற்றத்தில் இருக்கிற திம்சோ தெபெல்யானோவ் கல்லறை. கவிஞர், 1916இல் போரில் இறந்தார், 29 வயது. கல்லறைமேல் கவிஞரின் உருவம் இல்லை. கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு தாயின் சிலைதான் இருக்கிறது. என் அம்மா அங்கே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தயிர் இந்த நாட்டின் பெருமை. தயிர்க் கிருமியை 1905இல் அடையாளம் கண்ட ஸ்டாமென் கிரிகோரோவ் பல்கேரியர்தான். தராதோர் என்று ஒன்று உண்டு: தயிரை நீர்க்கக் கலந்து, வெள்ளரிக்காய், பூண்டு, சோயிக்கீரை, வால்நட் போட்டுக் குளிர்ச்சியாகக் கொடுப்பார்கள். அம்மா அதைப் பார்த்ததும் பச்சடி என்று சொல்லிச் சோற்றைத் தேடுவார், அரிசி கொண்டுவந்துவிடுங்கள். பீன்ஸ் சூப்பில் சில இடத்தில் கறி போடுவார்கள், "பெஸ் மெசோ" என்று சொல்லிக் கேளுங்கள். பனிட்ஸா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரத்தில் முட்டை இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இங்கே ஆமாம் என்பதற்குப் பக்கவாட்டில் தலையாட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். நம் ஊர்த் தலையாட்டலுக்குப் பக்கத்தில் வருவதால் உங்கள் அப்பாவுக்குச் சுலபம் என்று நினைக்காதீர்கள். இளவட்டங்கள் வெளிநாட்டுக்காரரைப் பார்த்ததும் நமக்காக மாற்றி ஆட்டுவார்கள். பஸ் நிலையத்தில் ஹிசார்யா வண்டி இதுவா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். மேலும் கீழும் ஆட்டினாள். ஓகோ, இல்லை என்கிறாள் என்று விவரமாக ஒதுங்கி நின்றேன். வண்டி என் கண்முன்னே போனது. தலையைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்: "தா" என்றால் ஆமாம், "நே" என்றால் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

சோஃபியா 1, கொப்ரிவ்ஷ்டிட்சா 1, பிளோவ்திவ் 2, ஹிசார்யா 3 இரவு என்று மாற்றிவிட்டேன். செப்டெம்வ்ரி ரயில் பிளோவ்திவிலிருந்து ஒரு பகல். அப்பாவிடம் சுர்க்கி விஷயத்தைப் போனில் சொன்னேன். "நாயக்கர் மகால் சாந்தோட ஒப்பிட்டுப் பாக்கணும், ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வெச்சிரு" என்கிறார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தொட்டி அறையில் உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழுமா?

மலைக்கோட்டை எழுதியது:

விழும். என் அம்மா மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.