பவுடருக்குக் கீழே இருந்தது: வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பவர்களும் அவர்களிடம் பிள்ளைகளை விடுபவர்களும் சொன்னவை

வெள்ளவத்தை, வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்ப்பவர்

சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை. ஊருக்குப் போய் வந்த பிள்ளையின் உடம்பில் ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். வேர்க்குரு, நுளம்புக் கடி, கோயில் வீதியில் விழுந்து உரசிய முழங்கால் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் மூன்று வயதுக்காரன் ஒருவன் மூக்கின் கீழே பவுடர் அப்பிய முகத்தோடு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்து மணிக்குப் பால் குடித்தான். வாயைத் துடைத்தேன். பவுடர் போனது. ஒரு ரூபாய்க் குற்றி அளவில் புண். அதன்மேல் தேன் சொட்டிக் காய்ந்ததைப் போல மஞ்சள் பொருக்கு. ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. நாடியில் இன்னும் இரண்டு, மிளகளவில்.

இங்கே என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் துடைத்த துவாய் என் தோளில் கிடந்தது. அதே துவாயால் அவனுக்கு முன் இரண்டு பிள்ளைகளைத் துடைத்திருந்தேன், அவனுக்குப் பின் ஒருத்தியை. சுவரில் ஆறு கொக்கிகள், ஆறு நிறத்தில் ஆறு துவாய்கள் தொங்குகின்றன. வந்து பார்க்கிற பெற்றோர் எல்லோரும் அதைப் பாராட்டுவார்கள். தோளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அந்த நாளோடு அதை விட்டேன்.

முதலில் கொப்பளிப்பான், அதாவது சின்னம்மையோ என்று பயந்தேன். ஏனென்றால் இன்னொரு பிள்ளையின் தாய் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்பக்கம் பார்த்தேன். கை, கால், வாய் நோய்க்குரிய கொப்புளமும் இல்லை. காய்ச்சலும் இல்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் செய்யாத ஒன்றுதான் சரியாக அமைந்தது: இது இன்ன வருத்தம் என்று தாய்க்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் எடுத்து, "மூக்கின் கீழே கசிகிற புண் இருக்கிறது. இன்றைக்கே ஒரு டொக்டருக்குக் காட்டுங்கள். எப்போது திரும்ப வரலாம் என்பதை அவரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்" என்றேன்.

"நுளம்பு கடித்தது அக்கா, சொறிந்துவிட்டான்" என்றாள். கோட்டைப் பக்கம் வங்கி ஒன்றில் வேலை. நெடுவிடுமுறை முடிந்த முதல் நாள், கவுண்டரில் வரிசை. அவள் வந்து சேரும்போது பகல் ஒரு மணி.

அந்த மூன்று மணி நேரத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பல்கனி ஓரத்தில், என் கண் படும் இடத்தில், ஒரு கதிரை போட்டு அவனை இருத்தினேன். கழுவக்கூடிய பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் பாயில் இருந்து பாட்டுப் பாடினார்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அன்ரி, நான் குழப்படி செய்தேனா?" குழப்படி செய்கிற பிள்ளையை நான் அந்தக் கதிரையில்தான் இருத்துவது வழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே கதிரையை எடுத்துவிட்டு நானும் அவனோடு தரையில் உட்கார்ந்தேன். உதவிக்கு வரும் பெண் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டாள். இப்போது அதற்கென்று தனியாக ஒரு சிறிய பாய் வைத்திருக்கிறேன். அதில் தண்டனைக்காக யாரும் இருப்பதில்லை.

டொக்டர் சொன்னது இம்பெட்டிகோ, தொற்றிப் பரவும் தோல் புண். ஸ்டெஃபிலோகொக்கஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வருவது, இரண்டிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது, வெக்கையும் புழுக்கமும் அதற்குப் பிடிக்கும். கொழும்பு ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூசுவதற்குக் களிம்பும், புண் பல இடத்தில் இருந்ததால் குடிக்கப் பாணியும் கொடுத்திருந்தார். மருந்து தொடங்கி 24 மணி நேரத்தின் பின் விடலாம், கசிகிற இடத்தை மூடவேண்டும் என்று துண்டில் எழுதியிருந்தது. 48 மணி நேரம் என்று சொல்கிற நாடுகளும் இருக்கின்றன. என் வீட்டில் ஒரே கூடம், ஒரே கைகழுவும் தொட்டி. ஆகவே நான் 48 என்றே வைத்துக்கொண்டேன். தாய்க்கு அது பிடிக்கவில்லை. சரிதான், ஒரு நாள் லீவு அவளுடையது, என்னுடையது இல்லையே.

ஐந்தாம் நாள் இன்னும் இருவருக்கு வந்தது. ஒருத்தி நான் துவாயால் துடைத்தவள். முழங்கை மடிப்பில் ஏற்கெனவே கரப்பான் உள்ளவள். தோல் எங்கே வெடித்திருக்கிறதோ அங்கேதான் கிருமி நுழைகிறது. நல்ல சுகத்தோடு இருக்கிறவர்களிலும் ஏறக்குறைய பத்தில் மூவருடைய மூக்கில் ஸ்டெஃபிலோகொக்கஸ் குடியிருக்கிறதாம், ஆகையால் அவனிடமிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. என் துவாயை மட்டும் நான் நிரபராதி என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் நகம் வெட்டினேன். பிசைந்து விளையாடும் மாவைக் குப்பையில் போட்டேன். துணிப் பொம்மைகளைக் கட்டி எடுத்து வைத்தேன். விரிப்புகளைச் சுடுநீரில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் காயவிட்டேன். இவை எல்லாம் கஷ்டமே இல்லை. கஷ்டம் மற்றப் பெற்றோருக்குச் சொல்வதுதான். பெயரில்லாமல் ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் காலை கேட்டடியில் ஒரு பாட்டி, "அந்த வங்கிக்காரியின் பிள்ளைதானே?" என்றார். "உங்கள் பேரனுக்கு வந்தால் நான் யாரிடம் சொல்லவேண்டும் என்று விரும்புவீர்கள்?" என்று கேட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்திவிட்டது. அதற்காக அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான்.

ஆனால் அந்தப் பவுடருக்கு நானும் ஒரு காரணம். வராத நாளுக்கும் காசு கட்டவேண்டும் என்பது என் விதி. புண்ணைச் சொன்னால் காசும் போகும், லீவும் போகும், பெயரும் போகும். பவுடர் அதைவிட மலிவு. இப்போது விதியை மாற்றியிருக்கிறேன்: வாசலில் தானாக வந்து சொல்கிறவருக்கு அந்த நாட்களின் காசில் பாதி அடுத்த மாதம் கழியும். இதுவரை மூன்று தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் காலை ஆறு மணிக்குக் கன்னத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஜாம்.

கொட்டாஞ்சேனை, தாய்

பவுடர் போட்ட கட்சி நான். என் மகளுக்குச் சிவப்பு வந்தது கையில், ஆகவே நீளக் கைச் சட்டை. வருடத்துக்கு 7 நாள் கெஷுவல் லீவு. அதில் ஐந்து அவளுடைய காய்ச்சல்களுக்கே போய்விட்டது. பாமசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இரண்டு நாளில் சிவப்பு மங்கியது, நானே டொக்டர் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் கை முழுவதும் வளையம் வளையமாகப் பரவியிருந்தது. படர்தாமரை. களிம்பில் ஸ்டீரொய்ட் கலந்திருந்ததாம். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கி வைக்கும், பூஞ்சையோ அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். டொக்டர் பூஞ்சைக்குரிய மருந்தைத் தந்து, தொடங்கிவிட்டால் பிள்ளையை விடலாம் என்றார். லீவே எடுத்திருக்கத் தேவையில்லாத விஷயத்துக்கு மூன்று வாரம் ஒளித்திருக்கிறேன்.

என் தவறு என் தவறுதான். ஆனால் பிள்ளை பார்க்கிறவர் அந்தச் சட்டைக் கையை நான்கு பெற்றோர் நின்ற வாசலில் வைத்துத் தூக்கிக் காட்டினார். பார்க்கிற உரிமை அவருக்கு உண்டு. உள்ளே கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். மகள் அதன் பிறகு பல நாள், வெக்கையிலும் நீளக் கைச் சட்டைதான் கேட்டாள்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற தாதி

எங்கள் ஊரில் பொருக்கை அயறு என்போம். அதைக் காய்ந்தபடியே பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துச் சற்று நேரம் வைத்தால் தானாக இளகும், பிறகு சவர்க்காரம் போட்டு மெல்லக் கழுவலாம். களிம்பு அயற்றின்மேல் பூசினால் வேலை செய்யாது, கீழே போகவேண்டும். பூசிய பிறகு உங்கள் கையையும் கழுவுங்கள். பாணி மருந்தை, புண் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் புண் ஆறி சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். காலையில் எழும்பும்போது முகமும் கண்மடலும் வீங்கியிருக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். வார்டில் இப்படி வந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் "அண்மையில் புண் ஏதும் இருந்ததா?" என்று கேட்டால், "அது எப்போதோ ஆறிவிட்டதே" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிவிடுவார்கள், ஆனால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பகலில் பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்க உதவுகிறவர் நீங்கள்தான், தாய் இல்லை. நிறத்தைக் கவனியுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கைக்குழந்தையாக இருந்தாலோ இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

கிருலப்பனை, நான்கு பிள்ளைகளைப் பார்ப்பவர்

எங்களுக்கு வந்தது சொறி. இரவில்தான் அரிப்பு, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும். சிற்றுண்ணி தோலுக்குள் போய் 2 முதல் 6 வாரம் கழித்துத்தான் முதல் தடவை அரிக்கத் தொடங்குமாம், ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை. அரிக்கிறதோ இல்லையோ வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால் வரை மருந்து பூசவேண்டும், சொன்ன நாளில் மறுபடியும் பூசவேண்டும் என்றார்கள். கழுவ முடியாதவற்றைப் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தேன். மாமி மட்டும், "என்னைப் பார்த்தால் சொறி பிடித்தவள் போலவா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அடுத்த மாதம் எல்லோரும் மறுபடியும் பூசினோம். இந்த முறை முதல் ஆளாக மாமி.

வெள்ளவத்தை, மீண்டும்

பெற்றோருக்கு என்ன எழுதினீர்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான்: "நம்மிடம் ஒரு பிள்ளைக்குத் தொற்றக்கூடிய தோல் புண் வந்திருக்கிறது. மருந்து தொடங்கியாயிற்று. அடுத்த பத்து நாளும் உங்கள் பிள்ளையின் முகம், கை, கால்களை இரவில் குளிப்பாட்டும்போது பாருங்கள். ஏதாவது இருந்தால் வருவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். யார் என்று கேட்காதீர்கள், உங்களைப் பற்றியும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன்." அனுப்புவதற்கு முன் எங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் வாசித்துக் காட்டினேன். நான் முதலில் "பயப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அதை வெட்டச் சொன்னார், அதை வாசித்த பிறகுதான் எல்லோரும் பயப்படுவார்களாம்.

தாதி அம்மாவுக்கு நன்றி. சிறுநீர் விஷயம் எனக்குத் தெரியாது. மூவருடைய வீட்டுக்கும் இப்போதே எழுதுகிறேன்.

அந்தப் பையன் இன்னும் என்னிடம்தான் வருகிறான். போன வாரம் என் முழங்கையில் நுளம்பு கடித்து வீங்கியிருந்ததைக் கண்டுவிட்டு, குனிந்து நன்றாக ஆராய்ந்தான். "அன்ரி, நீங்கள் வீட்டுக்குப் போகவேண்டும்" என்றான். இதுதான் என் வீடு என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சின்னப் பாயை இழுத்துக்கொண்டு வந்து விரித்தான்.