மைகாட் போட்டும் மானிய விலையில் பெட்ரோல் கிடைக்கவில்லை, ரோன் 95 சந்தேகம்

கேள்வி (சுங்கை சிப்புட் பையன்):
அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கஞ்சில் கார் ஓட்டுகிறார். பட்டணத்து பெட்ரோல் ஸ்டேஷனில் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) போட்டால் தகுதி இல்லை என்று வருகிறதாம். லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசுக்குக் கிடைக்க வேண்டிய ரோன் 95 பெட்ரோலை முழு விலைக்கு ஊற்றிக்கொண்டு வருகிறார். கவுண்டரில் கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான்" என்கிறார்கள். இன்னொன்று, மேடு ஏறும்போது எஞ்சின் டக்டக் என்கிறது. விலை கூடிய ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகுமா?

பதில் (லோரி அண்ணன்):
தம்பி, முதலில் அப்பாவின் லைசென்ஸைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் பொதுமக்களுக்கு வந்த பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தில் மைகாட் மட்டும் போதாது, ஓட்டுநர் உரிமமும் உயிரோடு இருக்க வேண்டும். வயதானவர்கள் பலருக்கு இதில்தான் சிக்கல். ரோட் டாக்ஸைப் புதுப்பிப்பார்கள், லைசென்ஸை மறந்துவிடுவார்கள். காலாவதியாகி மூன்று வருடம் தாண்டவில்லை என்றால் போஸ்ட் ஆபீஸிலேயே புதுப்பிக்கலாம். தாண்டிவிட்டால் தேர்விலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வித்தியாசம் சின்னதல்ல. திட்டம் தொடங்கியபோது மானியமில்லாத விலை 2 வெள்ளி 60 காசு. 20 வெள்ளிக்கு 1.99இல் 10 லிட்டர் வரும், 2.60இல் 7.7 லிட்டர்தான். மானியமில்லாத விலையைப் புதன்கிழமை அறிவிப்பார்கள், வியாழன் முதல் நடப்புக்கு வரும்.

பதில் (பேராக் அக்கா):
அப்பா லைசென்ஸ் புதுப்பிக்கும் வரைக்கும் நீங்களே ஓட்டிப் போய் உங்கள் மைகாட்டில் ஊற்றலாம். சலுகை ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. தொடங்கும்போது மாதம் 300 லிட்டர் என்று வைத்தார்கள். ஆனால் கார்டை அடுத்தவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற ஃபோர்மேன்):
97 ஊற்றி ஏமாற வேண்டாம். ரோன் என்பது எண்ணெயின் பலம் இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தும்போது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேன் 95 பங்கு, தாங்காத ஹெப்டேன் 5 பங்கு கலந்த கலவை தாங்கும் அளவுக்குத் தாங்கினால் ரோன் 95. கஞ்சில் எஞ்சினுக்கு அது தாராளம். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் டக்டக் என்றால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னால் போயிருக்கும், இல்லை சிலிண்டரில் கரி படிந்திருக்கும். 97 போட்டால் சத்தம் அடங்கலாம், கோளாறு அப்படியே கிடக்கும். அதற்கு மானியமும் கிடையாது. டைமிங்கைப் பார்த்து சரி செய்துவிட்டு 95லேயே ஓட்டுங்கள். பம்பில் 95க்கு மஞ்சள் பிடிதான், மாறிப் போகாது.

கேட்டவர்:
லைசென்ஸ் போன வருடமே முடிந்திருக்கிறது, அண்ணே. நாளைக்கே புதுப்பிக்கக் கூட்டிப் போகிறேன். அப்புறம், தீபாவளிக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து அவர் காரில் வருகிறார். என் மைகாட்டில் அவருக்கு 95 ஊற்றலாமா?

பதில் (லோரி அண்ணன்):
கூடாது தம்பி. வெளிநாட்டு நம்பர் பிளேட் வண்டிக்கு 2010இலிருந்தே ரோன் 95 தடை. யார் கார்டாக இருந்தாலும் சரி. மாமா 97 ஊற்றிக்கொள்ளட்டும், அவர் ஊர் விலைக்கு அதுவே மலிவு.