ஐடா துணியில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது, உதவுங்கள்

கிராஸ் ஸ்டிச் (பெருக்கல்குறித் தையல்), வெள்ளை ஐடா (கட்டம் கட்டமாக நெய்த எம்பிராய்டரித் துணி), 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்). 140-க்கு 112 தையல், அதாவது 10-க்கு 8 அங்குலம். முழுக்க இரண்டு இழையில் போட்டது. முடித்துத் துவைத்ததும் நடுவிலுள்ள செம்பருத்தியின் அடர்சிவப்பு மட்டும் சாயம் விட்டு, இதழைச் சுற்றி மூன்று கட்டம் அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் பரவியிருக்கிறது. பச்சை, மஞ்சள், கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

துவைத்தது நேற்று மாலை, மதுரையில், போர் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள் போட்டதுதான் தப்பு. அந்தச் சிவப்புக் கண்டில் லேபிள் இல்லை. ஈரப் பஞ்சில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

குழாயடியில் 20 நிமிடம் பச்சைத் தண்ணீரில் அலசினேன். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்ட ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து முறை நீரை மாற்றினேன். கடைசி இரண்டு முறை தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, கறை மட்டும் அசையவில்லை. உலர்ந்தாலோ இஸ்திரிச் சூடு பட்டாலோ கறை பிடித்துக்கொள்ளும் என்பதால் இன்னும் தண்ணீரிலேயே கிடக்கிறது. குளோரின் ப்ளீச் மற்ற நிறங்களையும் தின்றுவிடும், அது வேண்டாம்.

சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்ஸிஜன் ப்ளீச் தூள்) போட்டு, மற்ற நிறம் போகாமல் இப்படிக் கறை எடுத்தவர்கள் இருந்தால், லிட்டருக்கு எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்று சொல்ல முடியுமா?