நாளொன்றுக்கு 180 கிராம் புரதம் உண்மையில் தேவையா?

கதிரொளி கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 42, எடை 72 கிலோ. உடல் பருமன் இல்லை. ஆனால் உட்கார்ந்தே செய்யும் வேலை என்பதால் தசை வலு குறைந்திருப்பதை உணர்ந்து, சில மாதங்களாக எடைப் பயிற்சி செய்து வருகிறேன். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு இரண்டரை கிராம் வீதம் நாளொன்றுக்கு 180 கிராம் புரதம் உண்ண வேண்டும் என்று பயிற்சியாளர் கூறுகிறார். உணவிலிருந்து மட்டும் அவ்வளவு பெறுவது கடினம் என்பதால், மூன்று வேளையும் வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும்) புரதப் பொடியைக் கலக்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வாறு குடிக்கத் தொடங்கிய பின் எனக்குச் சரியாகப் பசிப்பதில்லை. காய்கறி, பழம், தானியம் எல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டன, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது.

ஒரு புறம் ரொட்டி முதல் குடிநீர் வரை எல்லாவற்றிலும் ‘புரதம் மிகுந்தது’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். மறுபுறம், புரதம் மிகுந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று எச்சரிக்கிறார்கள். என் போன்ற ஒருவருக்கு எவ்வளவு புரதம் போதும் என்பதே என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி என் தந்தையைப் பற்றியது. அவருக்கு வயது 70, நீரிழிவு உண்டு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். அண்மைக் காலமாக உடல் மெலிந்து வருவதால், நான் குடிக்கும் பொடியைத் தானும் குடிக்கலாமா என்று கேட்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம். நான் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். தங்கள் தந்தையைப் பற்றிச் சிறுநீரகப் பிரிவில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வதே முறை என்பதால், முதல் கேள்விக்கு மட்டும் விடை கூறுகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் 2007-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, நலமான பெரியவர்களுக்குக் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் பாதுகாப்பான அளவு என்கிறது. தங்கள் எடைக்கு அது ஏறத்தாழ 60 கிராம். புரதம் சிதைவதால் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனை ஈடுசெய்வதற்கு ஏறக்குறைய எல்லோருக்கும் போதுமான அளவு அது. தசையை வளர்க்க முயல்பவருக்கான இலக்கு அன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், 60 கிராமுக்கு மேல் உண்பதே தவறு என்று சிலர் அச்சுறுத்துவதும் சரியில்லை.

எடைப் பயிற்சி செய்பவர்களைப் பொறுத்தவரை, 2018-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளியான தொகுப்பாய்வை நான் பெரிதும் நம்புகிறேன். 49 ஆய்வுகளில் பங்கேற்ற 1,863 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டிய பின் கூடுதல் புரதத்தால் தசை மேலும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கணிப்பின் நிச்சயமின்மை எல்லை 2.2 கிராம் வரை நீள்வதால், பயிற்சியாளர்கள் பலர் பாதுகாப்புக்காக மேல் எல்லையையே எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் சற்று உயர்த்தினால் தங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டரை கிராம் வந்துவிடுகிறது. அதே ஆய்வில் கூடுதல் புரதத்தால் கிடைத்த கொழுப்பற்ற உடல் எடை சராசரியாக 0.3 கிலோ மட்டுமே. வளர்ச்சியின் பெரும்பகுதி பயிற்சியால் கிடைத்தது. பயிற்சி இன்றிப் புரதத்தை மட்டும் கூட்டுபவர்களுக்குத் தசை பெருகுவதில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம் இது.

புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களில் தேவைக்கு மேற்பட்டவற்றைச் சேமித்து வைக்க உடலில் தனி இடம் கிடையாது. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. எஞ்சிய பகுதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது. ஆகவே தங்களுக்கு 90 முதல் 115 கிராம் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. முட்டை ஒன்றில் ஆறு கிராம், கால் லிட்டர் பாலில் எட்டு கிராம் என்று கணக்கிட்டு, பருப்பு, தயிர், மீன், கோழி இவற்றில் தாங்கள் உண்பவற்றைச் சேர்த்தால், ஒரு வேளைக்கு மேல் பொடி தேவைப்படாது. மரக்கறி உணவு மட்டுமே உண்பவராயின், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்யும் என்பதால் நாள் முழுவதிலும் இரண்டும் இடம்பெற்றால் போதும்.

மலச்சிக்கலுக்குப் புரதத்தைக் குறை கூற வேண்டியதில்லை. அது நார்ச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே காரணமாக இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து கிடைக்கும்படி காய்கறியையும் முழுதானியத்தையும் மீண்டும் உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடைமேடை எழுதியது:

தேன்சிட்டு அவர்களின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் உயர்புரத உணவுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். எடையைக் குறைக்க முயல்பவருக்கு அதனால் உண்மையான பயன் உண்டு. புரதம் பசியை நெடுநேரம் அடக்குகிறது. அதைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு அதைவிடவும் குறைவு. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் காப்பதற்குக் கிலோவுக்கு 2 கிராம் அளவிலும் அதற்குச் சற்று மேலும் உண்பதில் நியாயம் இருக்கிறது. போட்டிக்கு முன் உடலை வற்றவைக்கும் ஆணழகர்களுக்கான இலக்கு அது. தங்கள் பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வேறொரு நோக்கத்துக்கான எண்ணைத் தங்களுக்கும் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறேன். எடை குறைக்கும் தேவை இல்லாத தாங்கள் பசியை இழப்பது நல்லதன்று.

ஒரு வேளையில் 30 கிராமுக்கு மேல் உண்டால் உடல் ஏற்காது என்ற நம்பிக்கையையும் கைவிடலாம். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிக்குப் பின் 100 கிராம் புரதம் அருந்தியவர்களின் தசைப் புரத உருவாக்கம் 12 மணி நேரத்துக்கும் மேலாக உயர்ந்தே இருந்தது. மணியைப் பார்த்துக் குடிக்கும் பதற்றம் தேவையில்லை. நாளின் மொத்த அளவே முதன்மையானது.

மருதநிழல் எழுதியது:

நான் சிறுநீரகச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். தங்கள் தந்தைக்கு அந்தப் பொடியை இப்போது கொடுக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புரதம் மிகும்போது சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் அழுத்தம் கூடி, நாளடைவில் அவை சிதையலாம் என்ற கருதுகோள் 1982-இல் முன்வைக்கப்பட்டது. நலமான சிறுநீரகம் உள்ளவர்களிடம் அத்தகைய பாதிப்பு உறுதிப்படவில்லை. 28 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வும் அவர்களுடைய வடிகட்டும் திறன் கெட்டதாகக் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே திறன் குறைந்தவர்களின் நிலை வேறு. கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக நோய் அமைப்பின் 2024 வழிகாட்டுதல், மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையிலான நாட்பட்ட சிறுநீரக நோயில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவைப் பேணவும், நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டாதிருக்கவும் பரிந்துரைக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிய பின் இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது புரதம் கூடுதலாகத் தேவைப்படும்.

இதில் சிக்கல் என்னவென்றால், முதுமையில் தசை விரைவாகக் கரைவதால், 65 வயதைக் கடந்த நலமானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013-இல் ஒரு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. தங்கள் தந்தையிடம் இரண்டு தேவைகளும் எதிரெதிராக நிற்கின்றன: மெலிவைத் தடுக்கப் புரதம் வேண்டும், சிறுநீரகத்தைக் காக்க அளவு வேண்டும். அஞ்சிப்போய் உணவையே குறைத்துவிடும் முதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆபத்தே. நோய் எந்த நிலையில் உள்ளது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு வெளியேறுகிறது, பொட்டாசியமும் பாஸ்பரசும் எப்படி உள்ளன என்பவற்றைப் பார்த்துத்தான் சிறுநீரக மருத்துவரும் உணவியலாளரும் அளவை முடிவு செய்ய முடியும். காரணம் தெரியாமல் எடை குறைவதாயின், அதையும் தனியே ஆராய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் உடல் மெலியும்.

தந்தைக்கு நீரிழிவு இருப்பதால், தாங்களும் ஒருமுறை சர்க்கரை, இரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்), சிறுநீர் ஆல்புமின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிரியேட்டின் என்ற துணைப்பொருளையும் உட்கொள்வதாக இருந்தால், அதை மருத்துவரிடம் கூறுங்கள். சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே கிரியேட்டினின் அளவை அது சற்று உயர்த்திக் காட்டும்.

கதிரொளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையைச் சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துச் செல்ல முன்பதிவு செய்துவிட்டேன். பொடியை ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தேன்சிட்டு எழுதியது:

ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளக்காமல், பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியே கணிக்கிறார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான பொருளைக் கலந்தால் புரதம் மிகுந்திருப்பதுபோல் தோன்றும் என்பதால்தான், 2008-இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்த கொடுமை நிகழ்ந்தது. புரதப் பொடிகளில் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. எனவே உட்பொருள் பட்டியலில் அவை தனியே இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். பட்டியல் எவ்வளவு சுருக்கமாக உள்ளதோ அவ்வளவு நல்லது. தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகம் ஒன்று சோதித்துச் சான்றளித்த பொடியாக இருப்பது முதன்மையானது. வே கான்சன்ட்ரேட் வகையில் புரதம் அதிகபட்சம் 80 சதவீதம், ஐசோலேட் வகையில் 90 சதவீதம் அளவில் இருக்கும். பால் சர்க்கரை தங்களுக்கு ஒவ்வாமல் இருந்தாலன்றி, விலை கூடிய ஐசோலேட் தேவையில்லை.