வலது கை கதவு மட்டும் ஃபிலிம் உள்ளே போய் மடிகிறது. ஃபிளாட் பேட்டர்னில் எங்கே தப்பு?

தகடு_அம்பத்தூர்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷீட் மெட்டல் பட்டறையில் டிசைனராக இருக்கிறேன். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் சாஃப்ட்வேரில் வரைந்து, டிஎக்ஸ்எஃப் (லேசர் வெட்டுவதற்கான கோட்டுப்படக் கோப்பு) எடுத்து, நாலு தெரு தள்ளி இருக்கும் லேசர் கடைக்கு அனுப்புவது என் வேலை.

இந்த வாரம் கேன்டீன் அலமாரி ஆர்டர். எஸ்எஸ் 304, 1.2 மிமீ, ஒரு பக்கம் பிரஷ் ஃபினிஷ் (ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள்), அதன் மேல் கீறல் விழாமல் காக்கும் நீல ஃபிலிம். ஃபிலிம் பக்கம்தான் கதவின் வெளிப்பக்கம். கதவு 600 உயரம், 450 அகலம், நாலு ஓரமும் 20 மிமீ மடிப்பு. இடது கை 24, வலது கை 24. பூட்டு ஓட்டை ஒரு ஓரத்தில், காற்றுத் துளைகள் கீழே மட்டும். அதனால் ஒன்றைத் திருப்பி இன்னொன்றாக மாட்ட முடியாது.

இடது கை 24ம் பிரமாதமாக வந்தன. வலது கைக்கு மிரர் பார்ட் (கண்ணாடியில் தெரிவது போன்ற பிரதி) எடுத்தேன். அதில் மடிப்பு, விரிப்பு பற்றிய ஷீட் மெட்டல் விவரம் சேர்ந்து வரவில்லை, எனவே அதை மறுபடி உண்டாக்க கன்வர்ட் டு ஷீட் மெட்டல் போட்டேன். ஃபிளாட் பேட்டர்ன் (மடிப்பதற்கு முன் உள்ள தட்டையான விரிப்பு) விரிந்தது, டிஎக்ஸ்எஃப் போனது, வெட்டியும் வந்தது. நேற்று மதியம் பெண்டிங் அண்ணன் மடித்த கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். "தம்பி, டிராயிங்ல இருக்கிற மாதிரிதான் மடிச்சேன். ஃபிலிம் உள்ள போகுது, பாருங்க." அதற்குள் 10 கதவு மடித்தாகிவிட்டது.

டிராயிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாகவே தெரிகிறது. ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

புது_கேட்:
கே ஃபேக்டர் (விரிப்பின் நீளத்தைக் கணக்கிடும் எண்) பார்த்தீர்களா?

தகடு_அம்பத்தூர்:
அளவு மில்லி பிசகாமல் இருக்கிறது நண்பா. பக்கம்தான் மாறியிருக்கிறது.

கிண்டி_சீனியர்:
இரண்டே கேள்வி. கன்வர்ட் போடும்போது எந்த முகத்தை க்ளிக் செய்தீர்கள்? டிராயிங்கில் ஃபிளிப் வியூ (படத்தை மறுபக்கமிருந்து காட்டும் ஆப்ஷன்) டிக் போட்டிருக்கிறதா?

தகடு_அம்பத்தூர்:
உள்பக்க முகம். மடிப்பு மூலைகளைப் பார்க்கக் கதவை அப்படித் திருப்பி வைத்திருந்தேன், கைக்கு வந்தது அதுதான். ஃபிளிப் வியூ... ஆமாம் சார். டிராயிங்கில் பூட்டு ஓட்டை எதிர்ப்பக்கம் தெரிந்தது. டிக் போட்டதும் சரியாகிவிட்டது.

கிண்டி_சீனியர்:
சரியாகவில்லை தம்பி, ஒளிந்துகொண்டது.

கன்வர்ட் போடும்போது நீங்கள் ஃபிக்ஸட் ஃபேஸாக (விரிக்கும்போது அசையாமல் நிற்கும் முகமாக) க்ளிக் செய்து கொடுத்த முகம்தான் மேலே பார்த்தபடி ஃபிளாட் விரியும். உள்பக்கத்தைக் கொடுத்ததால் உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி விரிந்தது. பூட்டு ஓட்டை எதிர்ப்பக்கம் தெரிந்தது அதனால்தான். அப்போதே அது உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. நீங்கள் டிக் போட்டு அதன் வாயை மூடிவிட்டீர்கள். அந்த டிக் டிராயிங்கில் இருக்கும் அந்த ஒரு வியூவை மட்டும்தான் திருப்பும். டிஎக்ஸ்எஃபை நீங்கள் பார்ட்டிலிருந்து நேராக எடுத்திருப்பீர்கள், அதற்கு இந்த டிக் பற்றி எதுவும் தெரியாது. ஆக, லேசருக்குப் போனது உள்பக்கத்துப் படம், பெண்டிங்குக்குப் போனது வெளிப்பக்கத்துப் படம்.

லேசர்காரர் வழக்கம்போல ஃபிலிம் பக்கத்தை மேலே வைத்து வெட்டியிருப்பார். அண்ணன் கையில் இருக்கும் தகடு டிராயிங்கோடு ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகும்படி புரட்டிப் போட்டு மடித்திருக்கிறார். யாரும் தப்பு செய்யவில்லை, நீங்கள் போட்ட டிக்கைத் தவிர.

செய்ய வேண்டியது: ஃபீச்சர் ட்ரீயில் ஃபிளாட்-பேட்டர்னை ரைட் க்ளிக் செய்து எடிட் ஃபீச்சர், ஃபிக்ஸட் ஃபேஸில் வெளிப்பக்க முகத்தைக் கொடுங்கள். அப்புறம் டிராயிங்கில் ஃபிளிப் டிக்கை மறக்காமல் எடுங்கள், இல்லையென்றால் இந்த முறை டிராயிங் தலைகீழாகும். டிஎக்ஸ்எஃப் எடுக்கும் பேனலில் அவுட்புட் அலைன்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் எக்ஸ் அச்சுக்குக் கதவின் நீள ஓரத்தைக் கொடுத்துவிட்டால் படம் எப்போதும் படுக்கையாகவே வரும். ஹாப்பர் (புனல் வடிவத் தொட்டி) மாதிரி சாய்ந்த முகம் உள்ள ஜாப்களில் இது இல்லாமல் டிஎக்ஸ்எஃப் கோணலாக வந்து உயிரை வாங்கும்.

இன்வென்டர்_பிரியன்:
இன்வென்டர் என்ற இன்னொரு கேட் சாஃப்ட்வேரில் ஏ-சைட் என்று வெளிப்பக்கத்தை முதலிலேயே குறித்துவிடலாம். திருப்ப வேண்டுமென்றால் எடிட் ஃபிளாட் பேட்டர்ன் டெஃபனிஷனுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள்.

பிரஸ்பிரேக்_மாமா:
சாஃப்ட்வேர் எனக்குத் தெரியாது, 22 வருஷமாக மெஷினில் நிற்கிறேன். தம்பி, அந்த மீதி 14ஐ ஸ்கிராப்பில் போட்டுவிட்டீர்களா? போடாதீர்கள். உள்ளேயிருந்து பார்த்த வலது கை கதவும், வெளியேயிருந்து பார்த்த இடது கை கதவும் ஒரே விரிப்புதான். அந்த 14ம் ஃபிலிமோடு அச்சு அசல் இடது கைத் தகடுகள். உங்கள் இடது கை டிராயிங்கைக் கையில் கொடுத்தால் அப்படியே மடித்துவிடலாம்.

இன்னொன்று. எங்கள் பட்டறைக்குப் புதுப் பையன் யார் வந்தாலும் நான் சொல்வது இது. டிஎக்ஸ்எஃபை ஏ4 பேப்பரில் பிரின்ட் எடு. பிரின்ட் விழுந்த பக்கம் முழுக்க சிவப்புப் பேனாவால் கிறுக்கு, அதுதான் ஃபிலிம். கத்தரித்து, டிராயிங்கில் இருக்கிறபடி பூட்டு ஓட்டை வருமாறு கையால் மடி. சிவப்பு வெளியே வந்தால் லேசருக்கு அனுப்பு. உள்ளே போனால் திரும்பக் கம்ப்யூட்டரில் போய் உட்கார். ஐந்து நிமிஷம் ஆகாது.

லேசர்_திருமுடிவாக்கம்:
பக்கத்தைத் திருத்தும்போது கோடு ஓடும் திசையையும் அம்பு போட்டு எழுதி அனுப்புங்கள். பிரஷ் கோடு ஷீட்டின் நீளவாக்கில்தான் ஓடும். உங்கள் கதவு விரித்தால் சுமார் 636 × 486 வரும். 2440 × 1220 ஷீட்டில் கோடு பார்த்து வைத்தால் 6தான். 90 டிகிரி திருப்ப அனுமதித்தால் நெஸ்டிங் சாஃப்ட்வேர் (ஷீட்டில் தகடுகளை அடுக்கித் தருவது) மீதி இடத்தில் ஏழாவதைக் குறுக்கே செருகிவிடும். 48 கதவுக்கு 8 ஷீட் ஆவது 7ல் முடியும். கேட்க நன்றாக இருக்கும், மாட்டினால் ஷீட்டுக்கு ஒரு கதவில் கோடு படுத்திருக்கும். 0, 180 டிகிரி திருப்பல் மட்டும் போதும், மிரர் கூடவே கூடாது என்று நீங்கள் எழுதினால்தான் நாங்கள் சாஃப்ட்வேரில் அப்படிப் பூட்டி வைப்போம். எழுதாவிட்டால் ஷீட் மிச்சம்தான் பார்ப்போம், அது எங்கள் புத்தி.

தகடு_அம்பத்தூர்:
எல்லோருக்கும் நன்றி. சீனியர் சார் சொன்னபடி முகத்தை மாற்றினேன், ஃபிளிப் டிக்கை எடுத்தேன். பூட்டு ஓட்டை எதையும் தொடாமலே சரியான பக்கத்தில் வந்து நின்றது. பேப்பர் கதவும் மடித்துப் பார்த்தேன் மாமா, சிவப்பு வெளியே. முதலில் பழைய டிஎக்ஸ்எஃபையும் அதே மாதிரி செய்து பார்த்தேன். சிவப்பு உள்ளே போனதும் வயிறு கலங்கியது.

14 தகடும் பத்திரமாக இருக்கின்றன. இதே கேன்டீனுக்கு அடுத்த மாதம் இன்னொரு செட் இருக்கிறது, அதில் இடது கைக்குப் போட்டுவிடலாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். வலது கை 24ம் புதிதாக வெட்டக் கொடுத்தாகிவிட்டது, அம்புக்குறியோடு.

மடித்துவிட்ட 10ல் ஒன்றை ஓனரே எங்கள் டூல் அலமாரியில் மாட்டிவிட்டார். என் டேபிளுக்கு நேர் எதிரே.