டிராகன் படமும் டகவுங் ராணி கதையும்: ராணிக்கு அந்த நகா மேல நிஜமாவே ஆசை இருந்துச்சா?

ரங்கூன்_மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கரண்ட் வந்த நேரத்துல 2015ல வந்த ஒரு ரஷ்ய படம் பாத்தேன், ரஷ்ய பேருக்கு "அவன் ஒரு டிராகன்"னு அர்த்தமாம், இந்தர் ஜெந்துபாயேவ்னு ஒருத்தர் எடுத்தது. பாக்காதவங்களுக்கு கதைய சொல்லிடறேன். பனி ஊரு ஒண்ணு. அந்த காலத்துல டிராகனுக்கு பொண்ணு குடுக்கும்போது ஒரு பாட்டு பாடுவாங்க. டிராகன கொன்னு பல வருஷம் ஆயிடுச்சுன்னு நெனச்சு அதே பாட்ட கல்யாணத்துல சும்மா சடங்குக்காக பாடறாங்க. பொண்ணு வெள்ளை உடுப்போட படகுல படுத்திருக்கா, மாப்பிள்ளை அந்த பக்கம் நிக்கறான், பாட்டு முடியறதுக்குள்ள மேலேர்ந்து டிராகன் வந்து அவள தூக்கிட்டு போயிடுது. தீவுல அவளுக்கு பேச்சுத்துணைக்கு ஒரு பையன் கிடைக்கிறான், அவன்தான் அந்த டிராகன்னு அவளுக்கு அப்புறம்தான் தெரியுது. அவனுக்கே டிராகனா இருக்க பிடிக்கல. மாப்பிள்ளை யாருன்னு பாத்தா பழைய டிராகன கொன்ன வீரனோட பேரன்.

இத என் அப்பாயியோட உக்காந்து பாத்தேன். அப்பாயிக்கு 80 தாண்டிடுச்சு, பொறந்தது பர்மாவுல தட்டோன் பக்கம், தமிழும் பர்மா பாஷையும் கலந்துதான் பேசுவாங்க. பாதி படத்துல "இது டகவுங் ராணி கதைடி, இவங்க திருப்பி போட்டு சொல்றாங்க"ன்னுட்டாங்க. நான் பள்ளிக்கூடத்துல படிச்சதுல நகா, அதாவது அந்த நாகம், ஒரு ராட்சசன், அத கொன்ன பவுக்சைங் வீரன், அவ்வளவுதான். ஆனா அப்பாயி சொல்ற கதையில ராணி சாகற வரைக்கும் அந்த நகாவோட எலும்பு ஊசிய கொண்டையிலேர்ந்து எடுக்கவே இல்லையாம். கேட்டதுலேர்ந்து எனக்கு தூக்கம் இல்ல. ராணி நிஜமா ஆசை வச்சாளா, இல்ல மயக்கத்துல கெடந்தாளா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அப்பாயிக்கு படிச்சு காட்டணும்.

மாந்தளை_வாத்தியார்:

தங்கச்சி, நல்ல கேள்வி. கதைய மொதல்லேர்ந்து சொன்னாதான் பதில் சொல்ல முடியும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

டகவுங் மாந்தளைக்கு வடக்க, ஐராவதி கரையில இருக்கற பழைய ஊரு. அங்க ராணிக்கு ராத்திரி ராத்திரி ஒரு நகா வரும். ராணிய கட்டிக்கிட்டு ராஜாவா உக்காந்தவன் எவனும் காலையில உயிரோட எந்திரிச்சது இல்ல. மவுங் பவுக்சைங் படிப்பு ஏறாத பையன், குரு அவன அனுப்பும்போது மூணே மூணு வாக்கியம் சொல்லி அனுப்புறாரு: நடந்துக்கிட்டே இருந்தா ஊரு வந்துரும், கேட்டுக்கிட்டே இருந்தா விவரம் கிடைக்கும், தூங்காம இருந்தா ஆயுசு நீளும். மூணாவதுதான் அவன் உயிர காப்பாத்துது. மெத்தையில வாழத்தண்ட போட்டு போர்வைய மூடிட்டு, தான் முழிச்சிக்கிட்டு மறைஞ்சு நிக்கறான். நகா வந்து தண்ட கடிக்குது, பல்லு மாட்டிக்குது, வெட்டிடறான்.

எல்லாரும் இங்கதான் கைதட்டுவாங்க. எனக்கு கதை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. ராணி அழுது முடிச்சிட்டு என்ன பண்றா? ஆயிரம் காசு குடுத்து நகாவோட தோல உரிக்க சொல்றா, நூறு காசு குடுத்து அத தைக்க சொல்றா, எலும்புல கொண்டை ஊசி செஞ்சுக்கிறா. அப்புறம் புது புருஷன்கிட்டயே விடுகதையா போடறா. தமிழ்ல நான் பசங்களுக்கு இப்படி சொல்லுவேன்:

ஆயிரம் குடுத்து கிழிச்சேன்
நூறு குடுத்து தச்சேன்
ஆசை வச்சவன் எலும்ப
கொண்டையில சொருகினேன்

பதில் தெரியலன்னா பவுக்சைங் தலை போயிடும். "ஆசை வச்சவன்"ங்கற வார்த்தை அவ வாயிலேர்ந்தே வருது, பர்மா பாஷையிலயும் அப்படித்தான். மயக்கத்துல கெடந்தவ மயக்கம் தெளிஞ்சதும் எலும்ப தூக்கி தலையில வச்சுக்குவாளா? அதனால உங்க அப்பாயி சொல்றதுதான் சரின்னு நான் நெனக்கிறேன்.

பதில் எப்படி கிடைச்சதுன்னா, பையன பாக்க வந்த அப்பா அம்மா மரத்தடியில படுத்திருக்கும்போது மேல ரெண்டு காக்கா பேசிக்குது, நாளைக்கு பவுக்சைங் கறி கிடைக்கும்னு. அந்த பேச்சுலயே விடையும் வந்துருது, ஓடிப்போய் மகன்கிட்ட சொல்லிடறாங்க.

அப்புறம் அவளுக்கு பொறந்த ரெட்ட பசங்க ரெண்டும் கண்ணு தெரியாம பொறக்குதுங்க, நகாவோட விஷம்னு சொல்லுவாங்க. அவங்கள கொல்ல மனசு வராம தெப்பத்துல வச்சு ஐராவதியில விட்டுடறாங்க. வழியில ஒரு அரக்கி கண்ண தொறந்து விடறா. அவங்க போய் சேந்த இடத்துலதான் ஸ்ரீக்ஷேத்ரா ராஜ்ஜியம் உண்டாச்சுன்னு கதை. புரோம் ஊருக்கு பக்கத்துல இன்னைக்கும் அந்த செங்கல் மதில், ஸ்தூபி எல்லாம் இருக்கு. 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல ஹலின், பெய்க்தனோங்கற பழைய ஊருங்களோட சேத்து போட்டாங்க.

சோழமண்டல_பேரன்:

வாத்தியார் ஐயா அந்த தெப்பத்த சொன்னதும் எனக்கு மேல் சிலிர்த்திடுச்சு. நான் சென்னையில இருக்கேன், எங்க தாத்தா 1964ல ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தவரு. நம்ம பக்கத்துலயும் இதே கதை இருக்கு, மணிமேகலையில. சோழ ராஜா நெடுமுடிக்கிள்ளி புகார்ல ஒரு சோலையில நாக ராஜாவோட மக பீலிவளைய பாக்கறான், ஒரு மாசம் கூட இருக்கான், ஒரு நாள் அவ சொல்லாம கொள்ளாம போயிடறா. அப்புறம் குழந்தைய பெத்து மணிபல்லவத்துல புத்தர் பீடத்துக்கு வரும்போது, அந்த பக்கம் வந்த கம்பளச்செட்டிங்கற வியாபாரி கப்பல்ல குழந்தைய ஏத்தி, அப்பன்கிட்ட சேத்துருங்கன்னு அனுப்பறா. அன்னைக்கு ராத்திரியே கப்பல் உடையுது. ராஜா புள்ளைய தேடி அலைஞ்சதுல இந்திர விழாவ மறந்துடறான், கடல் வந்து ஊரையே முழுங்கிடுது.

தொண்டைக்கொடிய காலுல கட்டி அலையில விட்ட குழந்தைன்னு தொண்டைமான் இளந்திரையன பத்தி சொல்றதும் இதே மாதிரிதான். அங்க ஆறு, இங்க கடல், ரெண்டுலயும் நாகத்தோட உறவு வச்ச வீட்டு குழந்தை தண்ணியில போகுது. அந்த ரஷ்ய படம் நானும் பாத்தேன், அதுல கடைசியில டிராகனுக்கும் அவளுக்கும் ஒரு பொண்ணு பொறந்து அப்பன் முதுகுல பறக்குது. நம்ம ஊரு கதையில ஒரு புள்ளைக்கும் அது கிடைக்கல, அதான் எனக்கு தாங்கல.

இன்னொண்ணு, படத்துல ரெண்டாவது கல்யாணம் நடக்குற இடம். மாப்பிள்ளை பக்கம் படகு போயிக்கிட்டிருக்கும்போது அவளே அந்த பாட்ட பாடி டிராகன கூப்பிடறா. மொதல் தடவை ஊரு பாடுச்சு, ரெண்டாவது தடவை அவ பாடறா. ஒரே பாட்டுதான். இந்த ஒரு காட்சிக்காக படத்த நாலு தடவை பாத்திருக்கேன்.

தட்டோன்_செல்வம்:

தங்கச்சி உங்க அப்பாயி தட்டோன்னு சொன்னதால எழுதறேன், நானும் தட்டோன்தான். எங்க ஊரு கதை ஒண்ணு இருக்கே, பியாட்டா கதை. அத ஏன் யாரும் சொல்லல? இந்தியாவுலேர்ந்து ரெண்டு அண்ணன் தம்பி கடல்ல மெதந்து வந்து தட்டோன் கரையில ஒதுங்கறாங்க, ஒரு சாமியார் எடுத்து வளக்கறாரு. பியாட்டா பெரியவனானதும் பகான் ராஜா அனவ்ரதாகிட்ட வேலைக்கு சேர்றான், தெனமும் போப்பா மலைக்கு ஓடிப்போய் பூ பறிச்சுட்டு வரணும், அதான் வேலை. அங்க பூ மட்டும் தின்னு உயிர் வாழற அரக்கிய பாத்து மனசு போயிடுது, ரெண்டு புள்ள பொறக்குது, பூவுக்கு நேரமாயிடுச்சுன்னு ராஜா அவன கொன்னுடறான். அவ மனசு ஒடிஞ்சு செத்து போப்பா அம்மாங்கற தெய்வமா ஆயிட்டா. அந்த ரெண்டு புள்ளைங்களுக்குத்தான் மாந்தளை பக்கத்துல தவுங்ப்யோன்ல வாகவுங்ங்கற பர்மா மாசத்துல திருவிழா.

நம்மள மாதிரி கடல் தாண்டி வந்தவன் இங்க உள்ள பொண்ணு மேல ஆசப்பட்ட கதை இது, இது எனக்கு ரொம்ப முக்கியம். எங்க வீட்டுல சாமி அலமாரியில முருகன் படம் இருக்கு, அந்த பக்கம் தூணுல பர்மாக்காரங்க மாதிரியே சிவப்பு துணி கட்டின தேங்காயும் தொங்குது. அந்த தேங்கா யாருக்கு? ராஜா எரிச்சு கொன்ன டகவுங் கொல்லனுக்கும், கூடவே நெருப்புல குதிச்ச தங்கச்சிக்கும். டகவுங்ல ஆரம்பிச்ச கதை எதுவும் அழாம முடியாது.

வாத்தியார் ஐயாகிட்ட ஒரு விஷயத்துல மாறுபடறேன். பவுக்சைங்கையும் பாவம்னுதான் பாக்கணும். அவன் யாரையும் பிரிக்கணும்னு வரல, உயிர் பொழைக்க முழிச்சிருந்தான், அவ்வளவுதான்.

மாந்தளை_வாத்தியார்:

செல்வம் தம்பி, ஒத்துக்கறேன். அந்த படத்துல மாப்பிள்ளை மேல எனக்கு இரக்கமே வராது, கல்யாணத்துக்கு பொண்ணு வேணும்னுதான் தேடி வர்றான். பவுக்சைங் அப்படி இல்ல. ஆனா விடுகதைக்கு பதில் சொன்னப்புறம் அந்த ராணி என்ன ஆனா, எப்படி இருந்தான்னு ராஜாக்கள் சரித்திரம் எழுதினவங்களுக்கு அக்கறையே இல்ல, அத உங்க அப்பாயி மாதிரி ஆளுங்கதான் வாய் வழியா வச்சிருக்காங்க. அவங்க சொல்ற விதத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க தங்கச்சி.

ரங்கூன்_மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல எல்லாத்தையும் அப்பாயிக்கு படிச்சு காட்டினேன். காக்கா பேசற இடத்துல "ஆமா ஆமா, பொண்டாட்டி காக்காதான் கேக்கும்"னாங்க. பியாட்டா கதைக்கு ஒண்ணும் சொல்லல. புரோம்னு படிச்சதும் நிறுத்த சொல்லிட்டாங்க.

நான் மொதல்ல எழுதாத ஒண்ணு இருக்கு. எங்க பெரிய அத்தை, அதாவது அப்பாயியோட மூத்த மக, 30 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பர்மாக்காரர கட்டிக்கிட்டு புரோம் போயிட்டாங்க. அன்னைக்கு எங்க வீட்டுல சொன்ன வார்த்தை ஒண்ணும் நல்ல வார்த்தை இல்ல. பெரிய அத்தை விட்டுட்டு போன கொண்டை ஊசி ஒண்ணு அப்பாயியோட தகரப்பெட்டியில இன்னும் இருக்கு, ஆமையோட்டு ஊசி, சின்ன வயசுல நான் கேட்டா தொடக்கூட விட மாட்டாங்க. நேத்து அவங்களே பெட்டிய தொறந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. காலையில எந்திரிச்சதும் மொத கேள்வி, புரோம் போக எத்தனை மணி நேரம் ஆகும்னு.

ரங்கூன்லேர்ந்து பகல்ல போற நல்ல பஸ் எது, வயசானவங்க கால் நீட்டி உக்கார வசதி இருக்கறது, யாராவது சமீபத்துல போயிருந்தா சொல்லுங்க.